நடுவுல என்னா இருக்குது

அவளுக்குத் தலையாட்ட வராது.

நாமெல்லாம் ஆட்டுகிறோம். டாக்டர் ஏதோ சொல்கிறார், ஆட்டுகிறோம். பேங்கில் ஏதோ சொல்கிறார்கள், ஆட்டுகிறோம். ஆட்டினால் அந்த இடத்தை விட்டு நகரலாம். நான் ஆறாவதோடு நின்றவள். தலையாட்டியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அவள் அப்படி இல்லை. விளங்கினால்தான் விளங்கியது என்பாள். இல்லாவிட்டால் "விளங்கலிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள். சொன்னவர் மறுபடி சொல்ல வேண்டும். அப்போதும் நிற்பாள். அவர் கோபப்படுவார். அவள் கோபப்பட மாட்டாள். நிற்பாள்.

பழைய பிளாஸ்டிக் அரைக்கும் கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். இண்டூர் ரோட்டில் ஒரு தகர ஷெட். உரச்சாக்கு, பால் கவர், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கி, மறுபடி கவராக இழுத்து ரோல் சுற்றி அனுப்புவார்கள். நான் ரோல் சுற்றும் மெஷினில் இருந்தேன். வேலைக்கு வந்த முதல் நாள் அவளை என் பக்கத்தில் விட்டார்கள்.

மழை இல்லாத மாதம். அந்த மாதிரி நாளில் கவர் ஓடும்போது பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கையில் இருக்கிற பூனைமுடி எல்லாம் எழுந்து நிற்கும். தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எங்களுக்குப் பழக்கம். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அவள் கையை நீட்டினாள். முடி எழுந்தது. அப்படியே பார்த்தாள். பிறகு ஷெட்டை விட்டு வெளியே ஓடினாள்.

போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. ஷாக்குக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். இது உயிரை எடுக்காது பாப்பா, சும்மா விளையாட்டு கரண்டு என்று சொன்னேன்.

"எனக்கு இது தெரியுங்கக்கா," என்றாள். "அன்னைக்கும் இப்பிடித்தான் எழுந்துச்சு."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. முகம் கேட்கவிடவில்லை.

பிறகு மற்ற பெண்கள் சொன்னார்கள். அவள் புருஷன் இடி விழுந்து செத்தவர். கட்டிக் கொஞ்ச காலம்தான். குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போட்ட காட்டோரம் ஒரு புளியமரம். அதன் அடியில் நின்றவர் அப்படியே போய்விட்டார். மரத்துக்குப் போகச் சொன்னது அவள்தான்.

இது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லவில்லை. நல்ல ஊர்தான். எழவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து, விதிம்மா, எழுத்து அப்படி, நீ என்ன பண்ணுவ என்றார்கள். யார் வீட்டில் எழவு விழுந்தாலும் சொல்வதுதான். கேட்கிறவர் தலையாட்டுவார். சொன்னவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார்.

அவள் ஆட்டவில்லை. மாமியார் கூடத் தன் அழுகையை நிறுத்திவிட்டு, எம் புள்ள நேரம் அவ்ளோதான், உம் மேல தப்பில்ல என்று சொல்லியிருக்கிறார். இவள், "தெரியலிங்க அத்தை" என்றாளாம்.

மாமியார் அதோடு பேச்சை விட்டுவிட்டார். மகன் செத்ததைத் தாங்கின மனுஷிக்கு அந்த ஒரு வார்த்தை தாங்கவில்லை. ஆறுதலைக்கூட வாங்கிக்கொள்ளாத பொண்ணு என்று ஊரில் பேச்சு.

பிறந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். பன்னிரண்டாவது வரை படித்திருந்தாள். பிசிக்ஸில் பெயில். அந்தக் கதையை அவளே ஒருநாள் சோறு தின்னும்போது சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

முதல் பாடமே நிலைமின்னியல். வாத்தியார் போர்டில் ஒரு புள்ளி வைத்தாராம். சுற்றி அம்பு அம்பாகக் கோடு போட்டாராம். இது மின்புலம், விளங்குதா என்றாராம். விளங்குது சார் என்று மொத்த வகுப்பும் கத்தியது. இவள் எழுந்து நின்று விளங்கலிங்க சார் என்றாள். அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் இடம். அப்புறம் எப்பிடி சார் அங்க ஒண்ணு இருக்குதுன்னு சொல்றீங்க. வாத்தியார் மறுபடி சொன்னார். வேறொரு சின்ன மின்னூட்டத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் அதை இழுக்கும், இல்லாவிட்டால் தள்ளும், அதனால் அங்கே புலம் இருக்கிறது. இவள் விடவில்லை. வெக்காதப்ப இருக்குதுங்களா சார்? இருக்குதும்மா. யாரு பாத்தது சார்?

மணி அடிக்கும் வரை நிறுத்தி வைத்தாராம். கடைசியில், உனக்கு விளங்காட்டி போவுது, புத்தகத்துல இருக்கறத அப்பிடியே எழுது, மார்க்கு வரும் என்றாராம்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக மனப்பாடம் இருந்தது. எழுதவில்லை.

"ஏன்டி?" என்றேன்.

"விளங்காதத எப்பிடிக்கா எழுதறது?"

நான் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது.

அரைக்கும் மெஷினுக்கு முன்னால் ஒரு பெல்ட் ஓடும். அதற்கு மேலே பெரிய காந்தம் ஒன்று தொங்கும். சாக்கில் மாட்டி வரும் ஆணி, பின், கம்பித் துண்டு எல்லாம் எழும்பிப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மெஷினின் கத்தி உடையும். மத்தியானம் மெஷினை நிறுத்தியதும் ஒட்டினதைப் பிடுங்குவது எங்கள் வேலை. அவள் வந்த பிறகு அந்த வேலை மெதுவானது. ஆணி ஒன்றை நூலில் கட்டி, நூலைக் கீழே ஒரு கம்பியில் முடிந்து வைப்பாள். ஆணி காந்தத்தைப் பார்த்து அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும். தொடாது. விழாது. நடுவில் கையை விடுவாள். அட்டையை விடுவாள். கவரை விடுவாள். ஆணி அசையாது.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல என்னா இருக்குதுக்கா?"

"காத்து."

"காத்து இழுக்குமா?"

கத்தியைச் சாணை பிடிக்கும் இடத்தில் இரும்புத் தூள் விழும். அதை அள்ளிவந்து அட்டையில் தூவி, அடியில் ஒரு சின்னக் காந்தத்தைப் பிடிப்பாள். தட்டினால் தூள் வரி வரியாக வளைந்து நிற்கும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்குதும்மா, இப்பவே கோலமா என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"கோடு தூளுலதான்க்கா இருக்குது," என்றாள் என்னிடம். "ஆனா தூளு இல்லாத சந்துலயும் இழுக்குது. புஸ்தகத்துல கோடு போட்டது நமக்குக் காட்டறதுக்கு. இருக்கறது கோடு இல்ல."

நான் தலையாட்டினேன். விளங்கவில்லை.

இதைச் செய்கிற நேரத்தில் எல்லாம் அவள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் டெஸ்ட் சீட்டுக்குக் காத்திருப்பவர்கள் முகம் மாதிரி இருக்கும். பழைய பிசிக்ஸ் புத்தகத்தைக் கவரில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்திருப்பாள். பரீட்சையை மறுபடி எழுதப் போகிறாயா என்று கேட்டேன். எழுதிப் பாஸ் பண்ணினால் அங்கன்வாடி அது இது என்று போகலாமே என்று எனக்கு நினைப்பு.

"இல்லிங்கக்கா. எனக்கு அந்த ஒரு பாடம் போதும்."

"அத வச்சு என்னா பண்ணுவ?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "அவரு போனது என்னாலயா இல்லியான்னு தெரியணும். விதின்னு எல்லாரும் சொல்றாங்க. விதின்னா எப்பிடி வேல செய்யும்னு யாரும் சொல்ல மாட்டேன்றாங்க. இது எப்பிடி வேல செய்யும்னு இதுல போட்டிருக்குது."

தெரிந்து என்ன ஆகப்போகிறது, விட்டுத் தள்ளு என்றேன்.

"தெரியாம தூங்க முடியலிங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கண் ஓரம் எப்போதும் கறுத்தே இருந்ததற்கு அன்றைக்குக் காரணம் தெரிந்தது.

ரோல் மெஷின் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம் உண்டு. ஷெட்டைத் தாங்கும் கம்பம், அடி மண்ணுக்குள் போகிறது. கம்பத்தைத் தொட்டுவிட்டு ரோலைத் தூக்கினால் இழுப்பு குறையும். யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நான் சேர்வதற்கு முன்பே பழக்கம். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். போகப் போக அது சாமிக் கம்பம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்போம். ஒருத்தி பூவும் சுற்றுவாள். அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு முதலாளியே மனசு வைத்து, கம்பத்துக்கு மேலிருந்து கீழ் வரை மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். பளபளவென்று அம்மன் மாதிரி நின்றது.

பூஜை முடிந்த மறுநாளே இழுப்பு ஆரம்பித்துவிட்டது. அந்த வருஷம் மழையும் இல்லை. ரோலைத் தொட்டால் சுருக். கத்தரிக்கோலைத் தொட்டால் சுருக். ஒருத்திக்கு மூக்குத்தியில் இழுத்தது. கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாலும் நிற்கவில்லை. யாரோ தீட்டோடு பூஜைக்கு வந்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. பேச்சு சுற்றிச் சுற்றிப் போய் அவளிடம் நின்றது. புருஷனை இடிக்குக் கொடுத்தவள். அவர் போன மூன்றாம் மாதமே குங்குமத் தட்டைத் தொட்டவள். வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்தார்கள்.

அவள் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் ஓடுகிறது, ரோல் பெருத்துக்கொண்டே போகிறது, அவள் நிற்கிறாள். பிறகு சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்துக் கம்பத்தில் கை படுகிற உயரத்தில் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். அம்மன் தோலை உரிக்கிறாளே பாவி என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அதற்குள் உள்ளங்கை அளவுக்கு இரும்பு தெரிந்தது.

"தொட்டுப் பாருங்க," என்றாள்.

யாரும் வரவில்லை. நான் போய்த் தொட்டேன். பிறகு ரோலைத் தூக்கினேன். ஒன்றும் இல்லை.

அதற்காக அவளை யாரும் மெச்சவில்லை. சுரண்டிய இடத்திலேயே மறுபடி குங்குமம் வைத்தார்கள். சாமி மன்னித்துவிட்டது என்றார்கள். அவளுக்கும் சந்தோஷம் இல்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். "மண்ணுக்குத்தான்க்கா போவுது," என்றாள். "எல்லாம் மண்ணுக்குப் போகத்தான் வழி பாக்குது. கெடைச்ச வழியில போவுது." சொல்லிவிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவினாள். கம்பத்தைப் பற்றி அவள் பேசவில்லை என்று அப்போது தெரிந்தது.

ஆபீசில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர் இருந்தார். காலேஜில் பிசிக்ஸ் படித்தவர். மரியாதையான பிள்ளை. அவரிடம் கேட்கத் தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிப்போனாள்.

தம்பி நன்றாகவே சொன்னார். மேகத்துக்கு அடியில் மின்னூட்டம் சேரும். அது தரையில் இருக்கிற எதிர் மின்னூட்டத்தை மேலே இழுக்கும். தனியாக உயரமாக, கூராக நிற்கிறதன் நுனியில் அது வந்து குவியும். அங்கே புலம் பலமாக இருக்கும். பலம் தாங்காமல் காற்றே வழி விட்டுவிடும். பேப்பரில் மேகம் போட்டு, தரை போட்டு, பனைமரம் ஒன்றும் போட்டுக் காட்டினார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இது விளங்குது, இது விளங்கல என்றாள். அவர் சலிக்கவில்லை.

கடைசியில் பனைமரத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு ஆளு நின்னா?"

தம்பி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் ஊர்க்கதை தெரியும். பேனாவை மூடினார். அதெல்லாம் அப்படிச் சொல்லிட முடியாதுங்கம்மா, அவங்கவங்க நேரம் என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். ஷெட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்.

"அதுவரைக்கும் புஸ்தகம் பேசுனாரு. அதுக்கு மேல ஊரு பேசுனாரு."

அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது நின்றதும் எனக்குப் பயம் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பதில் வேறு மாதிரி இருக்கலாம் என்று அவளுக்கும் ஒரு நம்பிக்கை இருந்திருக்கும். சோறு பாதி பாதியாகத் திரும்பியது. கையை ரோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முடி எழுவதைப் பார்ப்பாள். எடுப்பாள். மறுபடி கொண்டுபோவாள். என்னாடி பண்ற என்றால், எவ்ளோ தூரத்துல ஆரம்பிக்குதுன்னு பாக்கறன் என்பாள்.

அடுத்து வந்த கோடைக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக்கே போய்விட்டாள் என்றார்கள். வேறு யாரோ, திருப்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. தீர்த்தமலைக்குப் போனபோதெல்லாம் கூட்டத்தில் தேடியிருக்கிறேன். அவள் சாமிக்கு வருகிற ஆள் இல்லை. இருந்தாலும் தேடினேன்.

கடைசியாகப் பேசினது அந்தக் கோடையில் ஒருநாள், வேலை விட்டு வரும்போது. சாயங்காலம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம். அதைச் சுற்றி உழுது போட்ட வெறும் காடு. வத்தல்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. புழுதிக் காற்று. ஒரு சொட்டு இன்னும் விழவில்லை. பெண்கள் எல்லோரும் மரத்தடிக்குப் போனோம். யாராக இருந்தாலும் அங்கேதான் போவோம்.

அவள் ரோட்டிலேயே நின்றாள். எல்லோரும் வெளியே வாங்க என்றாள். சத்தம் போடவில்லை. யாரும் வரவில்லை. அவள் வந்து என் கையைப் பிடித்தாள். கையைத் திருப்பி முடியைப் பார்த்தாள். பிறகு இழுத்துக்கொண்டு போனாள். மரத்தை விட்டு நல்ல தூரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளமான ஒரு இடம். குந்த வைத்தாள். இரண்டு காலையும் ஒட்டி வைக்கச் சொன்னாள். தலையைக் குனியச் சொன்னாள். அவளும் பக்கத்தில் குந்தினாள். மழை பிடித்துக்கொண்டது.

மரத்தடியில் சிரிப்பு. "ஏன்டி, ரெண்டு பேரும் முட்டை வச்சிருக்கீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முதுகில் மழை கல் மாதிரி விழுந்தது. வானம் வெளுத்து வெளுத்துக் கறுத்தது. இடி மலைப் பக்கம்தான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள்தான் நனைந்தோம்.

"அக்கா," என்றாள்.

மழையில் பாதி கேட்டது. முகத்தை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அவருக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாளுதான் ஆச்சு. நனையக் கூடாதுன்னுதான் கூப்ட்டன். நடுக்காட்டுல கெழங்கு தோண்டிப் பாத்துக்கினு இருந்தாரு. இந்தச் செடிய முடிச்சுட்டு வரன்னாரு. நான் திட்டுனன். அப்புறந்தான் மரத்துக்குப் போனாரு."

அவள் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"செடி அவரு உசரம் இருந்துச்சுக்கா. காடு முழுக்க ஒரே மட்டம். அங்க அவரு தனியாத் தெரிய மாட்டாரு. மரம் ஒண்ணுதான் தனியா நின்னுச்சு. நான் வரப்புக்குக் கீழ, வாய்க்கால்ல இருந்தன். என் கையில முடி எழுந்துச்சு. குளிருன்னு நெனச்சன். அதுதான்க்கா. நடுவுல இருக்கறது. இடி விழறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது. ஒண்ணுமே இல்லாத எடத்துல. என்னைத் தொட்டுச் சொல்லுச்சு. நான் அவரைக் கூப்ட்டு மரத்தடிக்கு அனுப்புனன்."

தண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அழுதாளா என்று தெரியவில்லை.

"எனக்கு இப்ப விளங்கிடுச்சு," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டுவிட்டால் ஆள் தேறிவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் சொல்றது சரிதானேக்கா?"

பஸ் வந்து நின்றது. மரத்தடியில் இருந்தவர்கள் ஏறினார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

டாக்டருக்கு ஆட்டியிருக்கிறேன். முதலாளிக்கு ஆட்டியிருக்கிறேன். விதி என்று சொன்னவர்களுக்கெல்லாம் ஆட்டியிருக்கிறேன். அவள் சொன்ன எதுவும் அதுவரை எனக்கு விளங்கியதில்லை, எல்லாவற்றுக்கும் ஆட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது.

என் தலை ஆடவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.